ஐபேடா, ஆண்ட்ராய்டு டேப்லெட்டா: முடிவு செயலிகளின் கையில்

டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் சில்லின் வேகத்தையும் திரையின் துல்லியத்தையும் அட்டவணை போட்டு ஒப்பிடுவது வழக்கம். விலை உயர்ந்த கருவிகளைப் பொறுத்தவரை வன்பொருளில் இரு தரப்பும் நன்றாகவே தேறிவிட்டன. பெரிய திரைக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் எந்தப் பக்கம் அதிகம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த பிறகு களமிறங்கி வீழ்ந்தவற்றின் கதையும் இதையே காட்டுகிறது. 2011 ஜூலையில் கணினி நிறுவனமான எச்பி வெளியிட்ட டச்பேட் என்ற டேப்லெட்டின் வெப்ஓஎஸ் இயங்குதளம், திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுகளைப் போல வரிசையாகக் காட்டியது. பின்னாளில் மற்ற தளங்களிலும் வழக்கமாகிவிட்ட அந்த அழகிய முறை இருந்தும், செயலிகள் குறைவாக இருந்த அந்தக் கருவியை நிறுவனம் ஏழே வாரங்களில் கைவிட்டது. 2012இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டில் பழைய விண்டோஸ் மென்பொருள்களை நிறுவ வழியில்லை, புதியவையும் போதிய அளவில் வரவில்லை. மறு ஆண்டே அந்நிறுவனம் அதற்காக 90 கோடி டாலரை இழப்பாகக் கணக்கெழுதியது.

ஆண்ட்ராய்டின் பெரிய குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. டேப்லெட்டுக்கென்றே 2011இல் ஹனிகோம்ப் பதிப்பைக் கொண்டுவந்த கூகுள், அதன்பின் பல ஆண்டுகள் பெரிய திரையில் அக்கறை காட்டாமல் இருந்துவிட்டு, 2022இல் 12எல் பதிப்போடுதான் முழுக் கவனத்தோடு திரும்பி வந்தது. கைப்பேசிக்காக எழுதிய செயலியை அகலவாக்கில் திறந்தால், இடது ஓரத்தில் ஒரு சிறு படம், அதன் அருகே ஒற்றை வரி, மீதியெல்லாம் வெற்றிடம் என்று இன்றும் பல செயலிகள் இழுபட்டு நிற்கின்றன. ஐபேடிலும் இந்தக் குறை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இன்ஸ்டாகிராம் அதற்கென்று தனிச் செயலி தந்தது 2025இல்தான். ஆனாலும் ஓவியத்துக்கு ப்ரோகிரியேட், இசைக்கு லாஜிக் ப்ரோ, காணொளித் தொகுப்புக்கு ஃபைனல் கட் ப்ரோ என ஆண்ட்ராய்டில் கிடைக்காத தொழில்முறைச் செயலிகள் ஐபேடில் உள்ளன.

மென்பொருள் ஆதரவிலும் ஐபேட் நெடுநாள் முந்தி நின்றது. 2014இல் வெளிவந்த ஐபேட் ஏர் 2, 2021இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை புதுப்பிப்புகளைப் பெற்றது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு புதிய பதிப்பும் சில்லுத் தயாரிப்பாளரையும் கருவித் தயாரிப்பாளரையும் கடந்தே பயனரிடம் வர வேண்டியிருப்பதால், மலிவான கருவிகள் சீக்கிரமே கைவிடப்படுகின்றன.

ஒரே டேப்லெட்டை வீட்டில் பலர் பகிர்ந்துகொள்ளும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆளுக்கொரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கு 2012இலேயே வந்துவிட்டது. பள்ளிகளும் அலுவலகங்களும் நிர்வகிக்கும் கருவிகளைத் தவிர, ஐபேடில் இன்றுவரை அந்த வசதி இல்லை. பெற்றோரின் மின்னஞ்சலும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே முகப்பில் கிடக்க வேண்டியிருப்பதை, இன்னொரு கருவியையும் விற்பதற்கான உத்தி என்றுதான் என்னால் கருத முடிகிறது. நினைவக அட்டைக்கான இடம் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் உண்டு, ஐபேடில் இல்லை. சாம்சங்கின் டேப் எஸ்9 போன்றவற்றுக்குப் பேனா பெட்டியிலேயே வருகிறது. ஆப்பிள் அதற்குத் தனி விலை வாங்குகிறது.

வரைபவர்களும் இசை அமைப்பவர்களும் தயங்காமல் ஐபேடை வாங்கலாம். படிக்கவும் படம் பார்க்கவும் பலர் கைமாற்றிப் பயன்படுத்தும் கருவிதான் தேவை என்றால் ஆண்ட்ராய்டே பொருத்தம். ஆனால் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவோம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதியளித்திருக்கும் மாதிரியை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.