பச்சை மண்ணுக்கு மயக்க மருந்து: ராமநாதபுரத்தில் ஓர் ஆலோசனைச் சேவை

31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகனுக்கு இரண்டரை மாதத்தில் தொடை இடுக்கில் குடலிறக்கம் தெரிந்தது. ஒருமுறை குடல் சிக்கி, கையால் உள்ளே தள்ள வேண்டியிருந்ததால் அறுவையைத் தள்ளிப்போட வழியில்லை. பச்சை மண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை என்ன ஆகும் என்று எங்கள் ஊரான மண்டபத்தில் கேட்காத உறவினர் இல்லை. அந்தக் கேள்வியோடுதான், மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை ராமநாதபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வரும் குழந்தைகள் மயக்கவியல் மருத்துவரிடம் சென்றோம்.

அந்த அரைமணி நேரத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிடாமல், அச்சம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே அவர் தொடங்கினார். 2003-இல் வெளியான ஆய்வொன்றில், ஏழு நாள் வயதான எலிக்குட்டிகளுக்கு மயக்க மருந்துகளை 6 மணி நேரம் கொடுத்தபோது மூளையின் நரம்புச் செல்கள் பரவலாக அழிந்தன. 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 3 வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கம், திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கம் ஆகியவை குறித்து எச்சரித்தது. ஆனால் 7 நாடுகளில், இதே குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளிடம் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவால் தரும் முழு மயக்கத்தையும், விழித்த நிலையில் முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியையும் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ ஒரு மணி நேர மயக்கத்தால் 5 வயதில் அறிவுத்திறன் குறையவில்லை. மிகமிக முன்னதாக, 26 வாரத்துக்குள் பிறந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதை, நாங்கள் கேளாமலே அவர் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

குடல் அழுகல் போன்றவற்றுக்காகப் பெரிய அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளிடம் பின்னாளில் வளர்ச்சிக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டாலும், அதற்குக் காரணம் மருந்தா, நோயா, தொற்றா, அறுவையின்போது தாழ்ந்த இரத்த அழுத்தமா என்று பிரித்தறிவது கடினம் என்றும், ஆகவே இரத்த அழுத்தம், ஆக்சிஜன், உடற்சூடு, சர்க்கரை ஆகியவற்றைத் தாழவிடாமல் காப்பதே தம் முதல் வேலை என்றும் விளக்கினார். மருந்தைக் குறைத்து வலியைத் தாங்கவிடுவதும் தீங்குதானாம்.

குறைகளும் உண்டு. காலை 10 மணிக்கு என்று சீட்டு தந்துவிட்டுப் பகல் 1 மணிக்குத்தான் அழைத்தார்கள். பால் கொடுக்க ஒதுக்கிடம் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கம் தெளிந்த பின் மூச்சு நின்றுபோகும் அபாயம் இருப்பதால் ஓர் இரவுக் கண்காணிப்பு கட்டாயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தும், முன்பதிவு மேசை தந்த செலவுக் கணக்கில் அந்த இரவே இல்லை. வளர்ச்சிப் பரிசோதனைக்கும் மதுரைக்கே வரச் சொன்னார்கள். அந்தப் பரிசோதனையைச் செய்யும் அரசின் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று இருப்பதை எங்கள் ஊர் கிராமச் சுகாதாரச் செவிலியர்தான் எங்களுக்குச் சொன்னார்.

ராமேசுவரம், தொண்டிப் பக்கமிருந்து செல்வோர், பச்சிளங்குழந்தைப் பிரிவில் தந்த விடுவிப்புச் சுருக்கத்தையும் அண்மைய ஹீமோகுளோபின் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். இரத்தசோகை இருந்தால் அந்த மூச்சு அபாயம் கூடும் என்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.