காந்தத் தட்டா, ஊசிமெத்தையா?

தைத்துக்கொண்டே குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவும்போதுதான், அவற்றைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டுக்கும் குத்தி வைக்கும் ஊசிமெத்தைக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும். ஊசிமெத்தையில் முனையைப் பார்த்துக் குத்த வேண்டும். அதற்குள் துணி ஒரு நூல் அளவு நகர்ந்துவிடும். காந்தத் தட்டுக்கு அந்தக் கவனம் தேவையில்லை. கண்ணைத் தையலிலேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் விட்டால் போதும், ஊசி போய் ஒட்டிக்கொள்ளும். சில தட்டுகளில் குண்டூசிகள் தலை வெளிப்பக்கமாக விசிறிபோல் விரிந்து நிற்கும். முனை விரலில் ஏறாமல் எடுக்கலாம். நீளத் தையல்களுக்குத் தட்டுதான் என் தேர்வு.

ஆனால் கைத்தையல் ஊசிகளைத் தட்டில் போடாதீர்கள். காந்தத்தின் மேல் நாள்கணக்கில் கிடக்கும் எஃகு ஊசி தானும் காந்தமாகிவிடும். ஒன்றை எடுத்தால் மூன்று சேர்ந்து வரும். கத்தரிக்கோல் பக்கம் போனால் அதிலும் ஒட்டும். நூல் கோத்த ஊசியைத் தட்டில் வைத்தால் நூல் மற்ற குண்டூசிகளுக்கு இடையில் புகுந்து சிக்கலாகும். மெத்தையிலோ, காது மேலே தெரியும்படி ஊசிகளை அளவுவாரியாக வரிசையில் குத்தி வைக்கலாம். சில மெத்தைகளுடன் தொங்கும் சிறிய ஸ்ட்ராபெரி வடிவப் பையில் எமரித்தூள் என்னும், உரசித் தீட்டும் தூள் இருக்கும். மழுங்கிய அல்லது லேசாகத் துருவேறிய ஊசியை அதில் நாலைந்து முறை குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு துணியில் இறங்கும். காந்தத்தால் இது முடியாது. மெத்தையின் குறை, குட்டையான ஊசி முழுவதுமாக உள்ளே புதைந்துபோவது. பிறகு ஒருநாள் மெத்தையை அழுத்தும்போது அது விரலில் ஏறும்.

மணிக்கட்டில் கட்டும் வகையில், அடியில் கெட்டியான தகடு இல்லாத மெத்தை கையைக் குத்தும். காந்தக் கைப்பட்டை குத்தாது, ஆனால் சட்டைக் கை உரசினால் ஊசிகள் உதிரும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்குக் காந்தப் பட்டை வேண்டவே வேண்டாம். எந்தக் காந்தத்தையும் நெஞ்சிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். நியோடைமியம் என்னும் வலுவான காந்தத்தின் சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும், எனவே இஸ்திரிப் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். கணினிவழி இயங்கும் தையல் இயந்திரம் என்றால், காந்தம் பற்றி அதன் கையேடு சொல்வதை முதலில் படித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு இன்றியமையாதது காந்தக் கோல். வேலை முடிந்ததும் குண்டூசிகளை எண்ணுகிறேன். 50 குத்திய இடத்தில் 49 வந்தால், கோலைத் தரைவிரிப்பின் மேல் மெல்ல இழுப்பேன். நூலிழைகளுக்குள் படுத்திருந்த ஊசி ‘டிக்’ என்று எழுந்து ஒட்டும். தவழும் குழந்தையின் உள்ளங்கைக்குப் போயிருக்க வேண்டியது அது. பித்தளை ஊசியும் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு ஊசியும் காந்தத்துக்கு வராது. தொலைந்தால் இந்தக் கோலால் தேடவே முடியாது என்பதால், பித்தளைக் குண்டூசிகளை நான் வாங்குவதில்லை.