சாயம் போன டெட்ராக்கள்: வண்ண விடோ வாங்கும் முன் படியுங்கள்

கூட்டமாக நீந்தும் சிறிய மீன் வேண்டும் என்று சென்னையில் ஒரு கடையில் கேட்டோம். ரோஸ், நீலம், ஊதா, பச்சை என்று நான்கு நிறங்களில் விடோ டெட்ராக்களைக் காட்டினார் கடைக்காரர். "பிறவியிலேயே இந்த நிறமா?" என்று என் மனைவி கேட்டார். "வெளிநாட்டு ரகம், அம்மா. சாகும்வரை மாறாது" என்று அடித்துச் சொன்னார். வெள்ளை விடோவைவிட இரு மடங்கு விலை. நிறத்துக்கு ஒரு ஜோடி வாங்கினோம்.

சில வாரங்களிலேயே ஊதா திட்டுத் திட்டாக வெளுத்தது. இரண்டு மீன்களுக்கு முதுகுத் துடுப்பின் அடியில் புண் வந்து, அதன்மேல் பூஞ்சை படர்ந்து, இறந்தன. மிச்சமிருப்பவை இப்போது வெறும் வெள்ளை. ஆம், எல்லாமே சாதாரண வெள்ளை விடோக்கள்தாம்! இந்த வியாபாரத்தில் ஊசியால் உடம்பில் சாயம் ஏற்றுவார்கள்; அல்லது மேலே இருக்கும் வழவழப்பான படலத்தை ரசாயனத்தால் கரைத்துவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். கிருமிகளை அண்டவிடாமல் மீனைக் காப்பதே அந்தப் படலம்தான். கடைத் தொட்டிக்கு வந்து சேரும் முன்பே எத்தனை செத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை" என்றார். நிறம் கூட்டும் தீனி ஒரு டப்பா வாங்கச் சொன்னார். அத்தகைய தீனியில் இருக்கும் கரோட்டினாய்டுகள் மீனின் சிவப்பையும் மஞ்சளையும் சற்றுத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். வெள்ளை மீனை ஊதாவாக்கும் தீனி எதுவும் கிடையாது.

மரபணு மாற்றிய ஒளிரும் மீன்கள் வேறு. 1999இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெல்லிமீனின் மரபணுவை வரிக்குதிரை மீனில் புகுத்தி அவற்றை உருவாக்கினார்கள். அந்த நிறம் குஞ்சுகளுக்கும் வரும், வெளுக்காது. சில கடைகளில் இந்தப் பெயரைச் சொல்லியே சாய மீனையும் தள்ளிவிடுகிறார்கள். ஊசி போட்ட மீனில் நிறம் ஒரு திட்டாகவோ கோடாகவோ நிற்கும், துடுப்புகளில் இருக்காது. இன்னொன்று: நியான் டெட்ராவின் நீலக்கோடு இரவில் மங்கி, விளக்குப் போட்டதும் திரும்பிவிடும். அது இயல்பு, அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஜோடிக் கணக்கில் விற்பதும் இவற்றுக்குப் பொருந்தாது. விடோவை ஆறுக்குக் குறைவாக விட்டால் கூட்டம் சேராமல் மிரளும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். இறந்தவற்றுக்கு ஈடாக, சாயம் ஏறாத கறுப்பு விடோக்களை வேறொரு கடையில் வாங்கி விட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே இனம் என்பதால் ஒன்றாகவே திரிகின்றன.

வண்ண மீன் வாங்குவதாக இருந்தால் "இயற்கை நிறம், சாயம் ஏற்றவில்லை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில்லையும், வாங்கியபோதும் வெளுத்த பிறகும் எடுத்த படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.