அம்மாவின் கண்ணைக் காட்டப் போனோம், காதையும் விசாரித்தார்கள் – 3.5/5

சர்க்கரையும் இருந்து, காதும் மந்தமாகி, இப்போது படிக்கும்போது நடுநடுவே எழுத்து காணாமல் போகிறது என்று சொல்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த மருத்துவமனையின் விழித்திரை மரபணுப் பிரிவுக்குத் தாராளமாகப் போகலாம். முன்பு காட்டிய இடங்களில் எல்லாம் சர்க்கரையா, அப்போ அதனால்தான் என்று முடித்துவிட்டார்கள். இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே, "உங்க பாட்டிக்கும் சர்க்கரை உண்டா? காது எப்படி?" என்றுதான். அம்மாவுக்கு ஒல்லி உடம்பு, முப்பதுகளிலேயே வந்த சர்க்கரை, இரண்டு காதிலும் மிஷின், பாட்டிக்கும் அதே கதை.

விழித்திரை தானாக ஒளிர்வதைப் பிடிக்கிற ஆட்டோஃப்ளோரசன்ஸ் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நட்டநடுவில் ஒரு சின்ன இடம் தப்பியிருக்கிறது, அதைச் சுற்றிக் கறுப்புத் திட்டுகள், அதற்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளிகள். தூரத்து பஸ் நம்பரைச் சொல்லிவிடுகிற அம்மா, பேப்பரில் ஒரு வரியை முடிக்கத் திணறுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இது சர்க்கரையால் ரத்தக்குழாய் கசிகிற நோய் இல்லையாம். செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 3243ஆவது இடத்தில் 'ஏ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஜி' இருக்கிறதாம். எம்ஐடிடி, அதாவது தாய்வழியாக வரும் சர்க்கரையும் காது மந்தமும் என்று பெயர், 1992இல்தான் இந்த மாற்றத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பே தெரியவந்ததாம். ரத்தத்தோடு சிறுநீரும் கேட்டார்கள், ஏனென்றால் வயதாக ஆக ரத்தத்தில் இந்த மாற்றத்தின் அளவு குறைந்து, பரிசோதனையில் தப்பிவிடலாம்.

மரபணு ஆலோசகர் அவசரப்படாமல் பேசினார். தாய்வழியாக மட்டுமே போகும். அக்கா, நான், தம்பி மூவருக்கும் வந்திருக்கலாம், ஆனால் தம்பி பிள்ளைகளுக்கு அவன் வழியாகப் போகாது. யாருக்கு எவ்வளவு பாதிக்கும் என்று சொல்ல முடியாது, விழித்திரையைச் சரிசெய்ய இப்போதைக்கு மருந்தும் இல்லை, இரண்டையும் மழுப்பாமல் சொன்னார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம் இருப்பதால் மாற்றச் சொல்லி சர்க்கரை டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்கள் (நீங்களாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லித்தான்). இதயம், சிறுநீரகம் இரண்டுக்கும் பரிசோதனை எழுதினார்கள்.

மதிப்பெண் குறைத்தது காத்திருப்பு ஹாலுக்காக. கண் தெரியாமல், காது கேட்காமல் வருபவர்களுக்கான பிரிவில், கரகரக்கிற ஸ்பீக்கரில் பெயரைக் கூப்பிடுகிறார்கள், டோக்கன் நம்பரோ மூலையில் ஒரு குட்டி போர்டில் ஓடுகிறது! அம்மாவின் முறை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டது. ஒரு ஆள் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் ஆகாதா? ரிப்போர்ட்டும் முழுக்க ஆங்கிலம்.

போகிறவர்கள் பழைய காதுப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவழிச் சொந்தத்தில் யார் யாருக்குச் சர்க்கரை, காது, இதயத் தொந்தரவு என்று வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதைத்தான் நிறையக் கேட்கிறார்கள்.