சாட்டாவா சாஸா, ரெய்ட் 5ஆ ரெய்ட் 1ஆ: எங்கள் ஸ்டூடியோ பெட்டியை மாற்றிய கதை

பழைய சர்வரைக் கழற்றி ஓரத்தில் வைத்து இரண்டு மாதமாகிறது. திருகோணமலை நகருக்குள், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் எங்கள் ஸ்டூடியோ. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எடுக்கிற வீடியோ எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது அந்தப் பெட்டிக்குள்தான். சாட்டா, சாஸ் என்பவை டிஸ்க்கைக் கம்பியூட்டரோடு இணைக்கும் இரண்டு முறைகள், சாட்டா சாதாரணக் கம்பியூட்டரில் இருப்பது, சாஸ் சர்வர்களுக்கு உரியது. ரெய்ட் என்பது பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் பைல் போகாமல் பார்த்துக்கொள்ளும் முறை. பழைய பெட்டியில் இருந்தவை நான்கு சாஸ் டிஸ்க், ரெய்ட் வேலையைத் தானே பார்க்கும் ஒரு ஹார்ட்வேர் ரெய்ட் கார்ட், ரெய்ட் 5 (பைலைத் துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்புவது). இப்போது இருப்பவை நான்கு சாட்டா டிஸ்க், இரண்டு சோடியாக ரெய்ட் 1 (சோடியின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி). கார்ட் இல்லை, அந்த வேலையை லினக்ஸ் இயங்குதளமே பார்க்கிறது. தம்பலகாமத்தில் ஸ்டூடியோ திறக்கப்போகிற தம்பி ஒருவர் "அண்ணா, நானும் ஒரு பழைய சர்வர் பார்த்து வைச்சிருக்கிறன், எடுக்கவா?" என்று கேட்டார். எடுக்காதீர்கள் என்றேன். போனில் விளக்க நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். சாட்டா 3 என்றால் செக்கனுக்கு 6 கிகாபிட், கைக்கு வருவது 600 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கீழே. சாஸ் 12 கிகாபிட்டும் அதற்கு மேலும் போகும். ஆனால் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒன்று தன் தட்டிலிருந்து எடுத்துத் தருவது பெரும்பாலும் 150 முதல் 250 மெகாபைட்தான், அது கிகாபிட் நெட்வேர்க் வழியாக எடிட் பண்ணும் மெஷினுக்கு வந்து சேரும்போது 110 சொச்சம். ஆகவே எங்களைப் போன்ற இடத்தில் வாய் எவ்வளவு அகலம் என்பது ஒரு விஷயமே இல்லை. வேகம் வேண்டுமென்றால் எடிட் மெஷினுக்குள் ஒரு என்.வி.எம்.ஈ (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, கையில் உள்ள வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான்.

சாஸுக்கு உரிய மரியாதையையும் கொடுக்கவேண்டும். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பாதை உண்டு, 10,000, 15,000 சுற்று டிஸ்க்குகள் உண்டு, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் தடுமாறாது. வங்கி மாதிரி, பெரிய மருத்துவமனை மாதிரி இரவு பகலாக டேட்டாபேஸ் ஓடுகிற இடத்தில் அது நியாயமான தெரிவு. நான் சாஸை வைத்திருந்தது ஒன்றரை வருடம், அதுவும் வீடியோவுக்கு மட்டும், அதனால் அந்த மாதிரி வேலைக்கு என் பேச்சை எடுக்கவேண்டாம். ஆனால் ஒரு விஷயம் எல்லாருக்கும் பொது: சாஸ் கார்டில் சாட்டா டிஸ்க்கைச் செருகலாம், சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க்கைச் செருக முடியாது. சாட்டா டிஸ்க்கில் நடுவே ஒரு வெட்டு இருக்கும், சாஸில் அந்த வெட்டை அடைத்தே செய்திருக்கிறார்கள். இதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்று கரண்ட் போய்ப் போய் வந்தது. யூ.பி.எஸ் பற்றரி பழசு, தாங்கவில்லை. பெட்டியைத் திரும்பப் போட்டால் ரெய்ட் கார்ட் எழும்பவே இல்லை. நான்கு டிஸ்க்கும் நல்லது, நான்கும் சுற்றுகின்றன, ஒன்றில்கூட ஒரு பிழை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. ரெய்ட் 5இல் எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை அந்தக் கார்ட் தன் பாணியில் எழுதி வைத்திருக்கும், அதே குடும்பத்துக் கார்ட் ஒன்று வந்தால்தான் லேசாக வாசிக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்பியூட்டரில் போட்டாவது பார்க்கலாம் என்றால், சாஸ், எந்த வாய்க்குள்ளும் போகாது. நகரத்தில் உள்ள கடைகளில் விசாரித்தேன், சாஸ் என்ற பெயரைக் கேட்டவர்களே குறைவு. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் தெரிந்தவர் மூலம் தேடி, பழைய கார்ட் ஒன்று கிடைத்து, அது இரவு பஸ்ஸில் வந்து சேர பதினொரு நாள்.

அந்தப் பதினொரு நாளுக்குள் ஒரு அம்மா மூன்று தடவை கடைக்கு வந்தார். மகளின் கலியாண வீடியோ. மகளும் மருமகனும் வெளிநாட்டுக்குத் திரும்ப நாள் குறித்தாகிவிட்டது. "தம்பி, அழிஞ்சு போச்சுதோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இல்லை அம்மா, இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்று சொன்னேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

வந்து சேர்ந்த கார்டைப் போட்டதும் வேறு கார்டின் அமைப்பு இருக்கிறது, ஏற்றுக்கொள்ளவா அழிக்கவா என்று திரையில் கேட்கும். அந்த இடத்தில் கை நடுங்கும். ஏற்றுக்கொள் என்பதைத்தான் அழுத்தவேண்டும். நல்ல காலம், எல்லாம் வந்தது. மதர்போர்ட் பயோஸுக்குள் இலவசமாக வரும் ரெய்டுக்கும் இதே ஆபத்து உண்டு, போர்ட் போனால் அதே மாதிரிப் போர்ட் தேடவேண்டி வரலாம்.

லினக்ஸ் ரெய்டில் இந்தப் பயம் இல்லை. அமைப்பு விவரம் டிஸ்க்கிலேயே இருக்கிறது, எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் அது அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ளும். மதர்போர்ட் எரிந்தால் பக்கத்துக் கடையின் கம்பியூட்டரைக் கடன் வாங்கி, உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) பென்டிரைவ் ஒன்றால் பூட் பண்ணி, mdadm என்ற லினக்ஸ் ரெய்ட் மென்பொருள் அதில் இல்லையென்றால் அதையும் போட்டால் போதும். கார்டில் பற்றரியோடு வரும் கேஷ் (எழுதவேண்டியதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் நினைவகம்) இதில் கிடையாது, உண்மைதான், சின்னச் சின்ன எழுத்து வேலைக்கு அது உதவும். பெரிய வீடியோ பைல்களை ஒரு தடவை எழுதி பல தடவை வாசிக்கிற எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, அப்புறம் ரெய்ட் 5ஐ ஏன் விட்டேன்? 4 டெராபைட் டிஸ்க் நான்கு என்றால் ரெய்ட் 5இல் 12 டெராபைட் கிடைக்கும், ரெய்ட் 10 (ரெய்ட் 1 சோடிகளை ஒன்றாக இணைத்தது) என்றாலும் இரண்டு தனிச் சோடி ரெய்ட் 1 என்றாலும் 8தான். ரெய்ட் 6உம் 8தான், ஆனால் அதில் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். காகிதத்தில் 5 இலாபம். ஆனால் ஒரு டிஸ்க் போய்ப் புதிதைப் போடும்போது மற்ற மூன்றையும் தொடக்கம் முதல் கடைசி வரை வாசித்தால்தான் ரெய்டைத் திரும்பக் கட்டி முடியும், அதாவது 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளுக்கு 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று தயாரிப்பாளரே குறிக்கிறார், அது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன, நான் பார்த்ததும் அப்படித்தான். ஆனாலும் ஏற்கெனவே ஒன்று போன நிலையில், அதே வயது மூன்றை இந்த ஊர் வெக்கையில் இரவு முழுக்க ஓடவிட எனக்கு மனம் வராது. ரெய்ட் 1இல் சோடியை மட்டும் வாசித்தால் போதும், 4 டெராபைட், ஏழு எட்டு மணித்தியாலம்.

ரெய்ட் 10ஐக்கூட விட்டு இரண்டு தனிச் சோடி வைத்ததற்கு ஒரே காரணம்தான்: ரெய்ட் 1இல் ஒற்றை டிஸ்க் ஒன்று கையில் இருந்தாலே முழு வீடியோவும் இருக்கிறது. இந்த வருட வேலை ஒரு சோடியில், பழையது மற்றதில். ஒரு சோடி முழுவதும் போனாலும் மற்றது நிற்கும். 1988இல் பெர்க்லியில் மூன்று பேர் ரெய்ட் என்ற பெயரை வைத்தபோது அதில் ஒரு எழுத்து "மலிவு" என்பதற்குத்தான் நின்றது. பெரிய விலையில் ஒரு டிஸ்க்குக்குப் பதிலாக எங்கும் கிடைக்கிற சின்ன டிஸ்க்குகள் என்பதுதான் யோசனை. எங்கும் கிடைக்கிற என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம்.

சாட்டா என்றாலும் கையில் அகப்பட்டதை வாங்கவேண்டாம். நாஸ் பெட்டிக்கென்று (நெட்வேர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டி) விற்கும் டிஸ்க்குகள் வாசிக்க முடியாத இடம் வந்தால் பெரும்பாலும் 7 செக்கனில் பிழை என்று சொல்லிவிடும், மேசைக் கம்பியூட்டர் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும், அதற்குள் ரெய்ட் அதைச் செத்ததாக எண்ணித் தள்ளிவிடும். எஸ்.எம்.ஆர் முறையில் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி) எழுதும் டிஸ்க்கையும் தவிருங்கள், திரும்பக் கட்டும்போது நாள்கணக்கில் இழுக்கும். ஒரே சோடிக்கு இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் பிரித்து வாங்கினேன், ஒரே தொகுதியாக இருந்தால் ஒன்றாகப் போகும் என்ற பயம். ஐந்தாவது ஒன்று சீல் உடைக்காமல் அலுமாரியில் இருக்கிறது.

கடற்காற்றுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், டிஸ்க் இல்லை. உப்புக்காற்றில் தொடுமுனை கறுத்துவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். 5உம் 197உம் ஏறினால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்கவேண்டும்.

ரெய்ட் எதுவாக இருந்தாலும், தவறுதலாக அழித்த பைல் சோடியின் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் அழியும். அதனால் எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒன்றில் மாதாமாதம் பிரதி எடுத்துக் கந்தளாயில் அக்கா வீட்டில் வைக்கிறேன். 2004இல் கடல் வந்ததைப் பார்த்த ஊர் இது, இரண்டு பிரதியும் கரையோரத்தில் இருக்கவேண்டாம்.

பெட்டியைக் கட்டி முடித்த முதல் கிழமையே, சர்வர் ஓடிக்கொண்டிருக்க ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றினேன். யூ.எஸ்.பி டொக் ஒன்றில் போட்டு, லினக்ஸ் உள்ள லப்டொப்பில் வாசிக்க மட்டும் திறந்தேன். அந்த அம்மாவின் மகளின் கலியாணம் முழுவதும் ஓடியது, தாலி கட்டும் இடம் வரை பார்த்தேன். பெட்டியிலும் அதே பைல் திறந்தது. பிறகு அந்த டிஸ்க்கைத் துடைத்துப் புதிது போலச் சேர்த்துவிட்டு, இரவு ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டினேன். விடியக் காலை வந்து பார்க்க, சோடி சேர்ந்திருந்தது.