இன்டர்நெட் போனுக்கு மாற பழைய லேண்ட்லைனை சரண்டர் பண்ணச் சொன்னா பண்ணிடாதீங்க

கோயமுத்தூர்ல மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரம் பண்றோம். அப்பா காலத்துல இருந்து ஒரே 0422 நம்பர் தான், பில் புக்கு, காலண்டர், அட்டைப்பெட்டின்னு எல்லாத்துலயும் அது தான் அச்சடிச்சிருக்கும். போன வருஷம் ஒரு கம்பெனி ஆளு வந்து, இன்டர்நெட் போன் போட்டுக்கங்க, ஒரே நேரத்துல எட்டு கால் பேசலாம், ரெக்கார்டிங் இருக்கு, மாச செலவும் கம்மின்னு சொன்னாரு. நான் திருப்பித் திருப்பி கேட்டது நம்பர் மாறுமாங்கறதைத் தான். "செல்போன்ல போர்ட் பண்றோம்ல, அதே மாதிரி தாங்கண்ணா, லேண்ட்லைனை சரண்டர் பண்ணிட்டு லெட்டர் காப்பி மட்டும் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்"னாரு. நம்பி எழுதிக் குடுத்துட்டேன், ஒரு வருஷ பணத்தையும் முன்னாடியே கட்டிட்டேன்.

அது சுத்தப் பொய்ங்க. நம்ம நாட்டுல நம்பர் போர்ட்டிங் செல்போனுக்கு மட்டும் தான் இருக்கு, 2011ல நாடு முழுக்க வந்தது. லேண்ட்லைன் நம்பருக்கு அந்த வசதியே கிடையாது. எனக்கு ஒரு புது நம்பரைக் குடுத்துட்டு "பழைய நம்பர் ப்ராசஸ்ல இருக்கு"ன்னு மூணு மாசம் இழுத்தாங்க. பொள்ளாச்சில இருந்து பதினஞ்சு வருஷமா சரக்கு எடுக்கறவரு நேர்ல வந்து, கடையை மூடிட்டீங்கன்னு நெனச்சு வேற பக்கம் ஆர்டர் குடுத்துட்டேன்னு சொன்னப்ப என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

சரி, புது நம்பராவது ஒழுங்கா வேலை செஞ்சுதான்னா அதுவும் இல்ல, நாம பேசறது அவங்களுக்கு கேக்கும் அவங்க பேசறது நமக்கு கேக்காது, இல்லன்னா குரல் வெட்டி வெட்டி வரும். கேட்டா நெட் ஸ்லோ, பெரிய பிளான் போடுங்கன்னாங்க. ஒரு காலுக்கு போக வர தலா 90 கேபிபிஎஸ் நெட் வேகம் கிட்ட தான் ஆகும், எட்டு காலும் சேந்தா கூட 1 எம்பிபிஎஸ் (1000 கேபிபிஎஸ்) வராது, என்கிட்ட இருந்தது 100 எம்பிபிஎஸ். கடைசில தெரிஞ்ச நெட்வொர்க் தம்பி ஒருத்தரு வந்து ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜிங்கற செட்டிங்கை (நெட் போன் கால் தகவலை ரவுட்டரே நடுவுல புகுந்து மாத்தறது) ஆஃப் பண்ணாரு, சிசிடிவி அப்லோடை விட போனுக்கு முன்னுரிமை குடுத்தாரு, அரை மணி நேரத்துல சரியாப் போச்சு. இதை மாட்டிட்டுப் போனவங்களுக்கு இது தெரியலையா?

கரண்ட் போனா ரவுட்டரும் போனும் சேந்தே செத்துரும், பழைய செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே கரண்ட் வந்துரும், அதனால நமக்கு அந்தக் கவலையே இருந்ததில்ல. இப்ப தனியா யுபிஎஸ் வாங்கி வெச்சிருக்கேன். வேற கம்பெனிக்கு மாறலாம்னு பாத்தா காசு குடுத்து வாங்குன போன் செட்டையே அவங்க பாஸ்வேர்டு போட்டு லாக் பண்ணி வெச்சிருக்காங்க.

மாறணும்னா மாறுங்க, பழைய லைனை மட்டும் ஆறு மாசமாவது கட் பண்ணாம வெச்சிருங்க, செட்டு லாக் இல்லாம வருதான்னு எழுதி வாங்குங்க, வருஷப் பணம் கட்டாதீங்க. நான் 1915ங்கற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்திருக்கேன். பில்லு இருக்கு, ரசீது இருக்கு, பழைய நம்பரையே கொண்டு வந்து தரேன்னது மட்டும் வாயால சொன்னது, எங்கயும் எழுத்துல இல்ல.