உட்காரும் கட்சியா, நடக்கும் கட்சியா?

மணலில் வண்டி சிக்கினால் என்ன செய்வது என்ற பேச்சு மஸ்கட்டில் எங்கள் வட்டத்து விருந்துகளில் எப்படியும் வந்துவிடும். பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவே எல்லோரும் வீரர்கள். ஒரு கட்சி, வண்டியை விட்டு ஓர் அடி நகராதே என்று சொல்லும். மறு கட்சி, கையைக் கட்டிக்கொண்டு சாகவா வந்தோம், நடந்து வெளியேறு என்று சொல்லும். நான் பல வருடங்கள் இரண்டாம் கட்சியில் இருந்தேன். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசி வாரத்தில் கட்சி மாறினேன். எனவே இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

ஓமானின் ஷர்கியா மணல்வெளிக்கு வஹிபா என்று பழைய பெயர். வடக்கு தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 80. மணல்மேடுகள் வடக்கு தெற்காக நீண்ட வரப்புகளைப் போல ஓடுகின்றன, நூறு மீட்டர் உயரத்தையும் தொடும். இரண்டு வரப்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஓட்டுவது சுலபம். குறுக்கே ஏறி அடுத்த பள்ளத்துக்குப் போவதுதான் வம்பு. அல் வாசில் ஊர் வழியாக உள்ளே போய், தெற்கே முப்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அந்த வம்பை நான் விலை கொடுத்து வாங்கினேன். மேட்டின் உச்சியில் வேகத்தைக் குறைத்துவிட்டேன். வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்தது, நான்கு சக்கரங்களும் காற்றில் சுற்றாத குறை. டயர் காற்றைப் பதினைந்து பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு இறக்கினோம், கையால் தோண்டினோம், கால்மிதி விரிப்புகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். வண்டி இன்னும் நான்கு விரற்கடை கீழே இறங்கியதுதான் மிச்சம். மண்வெட்டி வீட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்து இங்கேயே வேலை தேடிக்கொண்ட என் மைத்துனன். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. தண்ணீர், ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் பன்னிரண்டு, ஆக 18 லிட்டர்.

"அத்தான், முப்பது கிலோமீட்டர்தானே? மணிக்கு ஐந்து என்றால் ஆறு மணி நேரம். இருட்டியதும் கிளம்பினால் நள்ளிரவு தாண்டி ஊருக்குள் இருப்போம்" என்றான் மைத்துனன்.

அந்தக் கணக்கில் எனக்குத் தவறே தெரியவில்லை. வண்டியின் தடம் இருக்கிறது, வடக்கே போனால் ஊர், பள்ளத்துக்குள்ளேயே நடந்தால் வழி தவறாது. தலையசைத்துக்கூட விட்டேன். மனைவிதான், "சின்னவன் எவ்வளவு தூரம் நடப்பான், முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டாள்.

இரண்டு வழிகளையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும் என்று இப்போது நினைக்கிறேன். குடும்பம் நடக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பவர் அப்பா அல்ல, கடைக்குட்டி. சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர் கணுக்கால் புதையும் மணலில் மூன்று நடந்தால் பெரிது. குழந்தையோடு இரண்டரை. அப்படியானால் முப்பது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம், உட்காராமல். மாலை ஏழுக்குக் கிளம்பினால் காலை ஏழு. அங்கே ஐந்தரைக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும். ஐந்து வயதுப் பையன் அரைமணி நேரத்தில் தோளில் ஏறித் தூங்குவான், 17 கிலோ. தண்ணீர் 18 லிட்டர் என்றால் 18 கிலோ. இரண்டு ஆண்களுக்கு நடுவே 35 கிலோ சுமை. சுமையைக் குறைக்க ஒரே வழி தண்ணீரை விட்டுவிட்டுப் போவது. நடக்கும் கட்சி விருந்துகளில் இந்தக் கணக்கைப் போட்டு நான் கேட்டதில்லை.

வியர்வைக் கணக்கு அதைவிட மோசம். வெயிலில் சுமையோடு நடக்கிற ஆள் மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வையாக இழக்கலாம். காற்று வறண்டிருப்பதால் அது தோலிலேயே உலர்ந்துவிடும், சட்டை நனையாது, இழப்பதே தெரியாது. நிழலில் அசையாமல் இருப்பவருக்கு இதில் ஒரு சிறு பங்குதான் போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் தம் குழுவோடு பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து இதை அளந்தார். நிழலில் 38 டிகிரி, கையில் தண்ணீரே இல்லை என்றால், அசையாமல் இருப்பவர் ஏறத்தாழ ஐந்து நாள் தாங்கலாம். இரவில் மட்டும், அதுவும் களைத்து விழும்வரை நடப்பவருக்கு மூன்று நாள். 49 டிகிரி என்றால் உட்கார்ந்தவருக்கு இரண்டு நாள், நடந்தவருக்கு ஒரு நாள். பகலில் நடப்பதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இவை திடகாத்திரமான படைவீரர்களை வைத்துப் போட்ட மதிப்பீடுகள். குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் ஏறும். ஆகவே என் மகனுக்கு இந்த எண்களைத் தாராளமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆய்விலிருந்து இன்னொரு பாடம், நம் வீட்டுப் பெரியவர்களின் சிக்கனத்துக்கு நேர் எதிரானது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிப்பதால் உடல் இழப்பது குறையாது. பாட்டிலில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும் அதே தண்ணீர்தான், வயிற்றில் இருந்தால் புத்தியாவது தெளிவாக இருக்கும். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையை. நாங்கள் தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தோம். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் பதினோரு லிட்டர் தீர்ந்திருந்தது, ஏழு மீதி.

உட்காருவது என்றால் வண்டிக்குள் உட்காருவது அல்ல, இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. கண்ணாடி ஏற்றிய வண்டி வெயிலில் பத்தே நிமிடத்தில் அடுப்பாகிவிடும். ஏசி போட்டுக்கொண்டு இருக்கலாமே என்பார்கள். புகைக்குழாய் மணலில் புதைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், எரிபொருளும் தீரும். இரவு குளிர்ந்த நேரத்தில் வண்டியின் வடக்குப் பக்கம் ஒரு முழ ஆழத்துக்குத் தட்டுகளால் தோண்டினோம். பகலில் மேல்மணல் சுடும், தோண்டத் தோண்டக் குளிர்ச்சி தெரியும். கதவிலிருந்து இரண்டு படுக்கை விரிப்புகளை இழுத்துக் கட்டினோம். ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. பழந்தமிழ் நூல்களில் இந்தத் தந்திரத்தை நான் படித்ததில்லை. நம் பாலைத் திணையில் எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள், பொருள் தேடிப் போகிறவனும் உடன்போக்கில் ஓடுகிறவர்களும் பேய்த்தேர் என்ற கானலைத் தண்ணீர் என்று நம்பி அலையும் மான்களும். நடக்கும் கட்சிக்கு நம்மிடையே ஆள் அதிகம் இருப்பதற்கு அதுவும் காரணமோ என்னவோ.

இனி, என் கட்சிக்கு எதிரான சாட்சிகள். அமெரிக்காவின் டெத் வேலியில் 1996 ஜூலையில் சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன் குடும்பம், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், ஆள் நடமாட்டமில்லாத ஒரு பள்ளத்தாக்கில் வாடகை வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். தெற்கே ராணுவப் பகுதி இருக்கிறது, எல்லையில் காவல் இருக்கும் என்று நம்பிப் போயிருக்கலாம் என்பது பின்னால் தேடியவர்களின் ஊகம். 2009-இல்தான், வண்டி நின்ற இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தன. உட்காரும் கட்சி இதைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டும். ஆனால் அந்த வண்டி எப்போது கண்ணில் பட்டது என்று யாரும் சொல்வதில்லை. அக்டோபர் 21-ஆம் தேதி! மூன்று மாதம் கழித்து, அதுவும் வானிலிருந்து. அவர்கள் வண்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாலும் யார் வந்திருக்கப் போகிறார்கள்? 2024 ஆகஸ்டில் சவுதியின் ரூப் அல் காலி பாலைவனத்தில் வழி தவறிய இரண்டு தொழிலாளர்கள், ஒருவர் தெலங்கானாக்காரர், தங்கள் வண்டியின் அருகிலேயே இறந்து கிடந்தார்கள். எரிபொருளும் தீர்ந்து, கைப்பேசியும் அணைந்திருந்தது.

எனவே உட்காருவது என்பது தனியாக நிற்கக்கூடிய முடிவு அல்ல. நீங்கள் எங்கே போனீர்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் அதற்குப் பெயர் காத்திருப்பது. நாங்கள் பிழைத்த காரணம் என் புத்திசாலித்தனம் அல்ல, மனைவியின் வழக்கம். கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காவிடம், அல் வாசில் வழியாக உள்ளே போகிறோம், சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அழைக்காவிட்டால் அவசர உதவி எண் 9999-க்குச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அப்போது நான் அதைக் கேலி செய்தேன். அந்த அக்கா பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அழைத்துவிட்டார்.

அந்த அழைப்பின் பலனாக, இரண்டு மணிக்குப் பாலைவனப் பழங்குடியான ஒரு பெடோயின் முதியவர் பழைய பிக்கப்பில் எங்கள் டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இதுவும் வண்டியோடு இருப்பதன் பலம்தான். தேடி வருகிறவர் தடத்தைப் பின்பற்றுவார், தடம் வண்டியில் முடியும். அங்கிருந்து தொடரும் குழந்தைகளின் காலடிகளை ஒரு மாலைக்காற்று துடைத்துவிடும். மேட்டின் மேல் நிற்கும் வெள்ளை வண்டி எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும், நடந்து போகும் ஐந்து பேர் எவ்வளவு தொலைவிலிருந்து தெரிவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதியவர் டயர் காற்றைப் பத்துக்கு இறக்கி, மண்வெட்டியால் அடிவயிற்றைத் தோண்டி விடுவித்து, கயிறு கட்டி இழுத்தார், இருபது நிமிடம். பிறகு பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் கொடுத்தார். தூரத்தில் நின்ற ஒரு காஃப் மரத்தைக் காட்டி, அங்கேயே மதியத்தைக் கழித்திருக்கலாமே என்று சைகையில் கேட்டார். அது நம் கோயில்களில் சுற்றிவந்து கும்பிடும் அதே வன்னி மரம். விருத்தாசலத்தில் தல விருட்சம். அங்கே பார்த்திருந்தால் கையெடுத்திருப்பேன், இங்கே அடையாளம் தெரியவில்லை.

ஒருவர் மட்டும் போய் உதவி கொண்டுவருவது என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மைத்துனன் இதைத்தான் கேட்டான், நான்கு லிட்டரோடு தான் மட்டும் போகிறேன் என்று. குடும்பம் முழுவதும் நடப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தூரம் தெரிந்திருக்க வேண்டும், தன் டயர் தடத்தை விட்டு விலகாமல் இரவில் மட்டும் போக வேண்டும், போகிறவர் எங்கே போகிறார் என்று எழுதி வண்டியில் வைக்க வேண்டும். மறுநாள் பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா இருக்கிறாள் என்பதால் நான் அவனை விடவில்லை. அவள் இல்லாதிருந்தால் இரண்டாம் இரவில் அனுப்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் அனுபவம் மொத்தமே இருபத்திரண்டு மணி நேரம், 41 டிகிரி, கையில் தண்ணீர். ஜூலையின் 48 டிகிரியிலோ, மூன்றாம் நாளிலோ என் கட்சி எவ்வளவு உறுதியாக நிற்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மைத்துனன் இன்னும் மசியவில்லை. டிசம்பராக இருந்திருந்தால் நடந்தே காட்டியிருப்பேன் என்கிறான். தனியாக, டிசம்பரில் என்றால் இருக்கலாம். அதன் பிறகு இரண்டு வண்டிகள் சேர்ந்தால்தான் மணலுக்குள் இறங்குகிறோம். இரண்டாவது வண்டி அவனுடையது. மண்வெட்டியும் அவனிடம்தான் இருக்கிறது.